விடியற்காலைக்கு இடம் வை, தம்பி

தம்பி,

செய்யாறு பக்கம் ஒரு திரௌபதை அம்மன் கோயிலில் நடக்கப்போகிற பாரதத்தை முழுசாகப் பதிவு செய்யப் போகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். ரெக்கார்டர் வாங்கியாச்சு, கூத்து வாத்தியாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் அனுமதி கேட்டாச்சு என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கேட்டேன்: "மெமரி கார்டு எத்தனைம்மா வாங்கியிருக்கான்?" "ரெக்கார்டர் கூடவே ஒண்ணு வந்திருக்காம்" என்றாள். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், நம்ம மாவட்டத்தில்தான், ஓர் ஊரில் கர்ண மோட்சம். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டினார்கள். ரெக்கார்டரை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்திருந்தேன். எண் பெரிதாக இருந்தால் பதிவும் உசத்தி என்று ஒரு நினைப்பு. கார்டு 16 ஜிபி. அன்று மத்தியானம் வயதான முகவீணைக்காரர் ஒருவரோடு பேசிய பேச்சும், முந்தின வாரத்துப் பதிவுகளும் சேர்ந்து அதில் ஏற்கெனவே 2 ஜிபி போயிருந்தது. மீதி 14. அந்த அமைப்பில் மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேலேயே தின்னும். வகுத்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம் வரும். நான் வகுத்துப் பார்க்கவில்லை. நாலே முக்காலுக்குச் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

கர்ணன் விழுந்துவிட்டான். குந்தி ஓடி வந்து மகனை மடியில் போட்டுக்கொள்கிறாள். கூத்து பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், ராத்திரி முழுக்கக் கண்விழிப்பதே அந்த இடத்துக்காகத்தான். பதற்றத்தில் டெலீட் பட்டனை அமுக்கினேன். இருட்டில், சின்னத் திரையில், முந்தின வாரத்துப் பதிவு என்று நினைத்து நான் அழித்தது மத்தியானப் பேச்சை. ஒரு மணி நேரப் பேச்சைக் கொடுத்து எனக்குக் கிடைத்தது ஒன்பது நிமிஷ இடம். ஒப்பாரி பாதியில் இருக்கும்போதே அதுவும் நிரம்பிவிட்டது. அந்த முகவீணைக்காரர் இப்போது இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். நம்ம கூத்து விடியற்காலையில் உச்சம் தொடுகிற கலை. கார்டு நிரம்புவதும் விடியற்காலையில்தான். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. ஒலிவாங்கியை எங்கே வைப்பது, காற்றை எப்படித் தடுப்பது என்பதெல்லாம் நீ நாலு பேரிடம் கேட்டுக்கொள்வாய். இடக் கணக்கை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

கிளம்பும் முன் ஒரு தாள், ஒரு பேனா

கணக்கு கஷ்டமில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எழுதுகிறது. 24 பிட் என்றால் ஒவ்வோர் அளவுக்கும் 3 பைட் இடம். ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு. மூன்றையும் பெருக்கு: நொடிக்கு 2,88,000 பைட். மணிக்கு 3,600 நொடி. ஆக, மணிக்கு 103 கோடியே 68 லட்சம் பைட், அதாவது 1 ஜிபியும் ஒரு துளியும். "நாற்பத்தெட்டு, இருபத்துநாலு, மணிக்கு ஒரு ஜிபி" என்று மனசில் எழுதிக்கொள். இந்த ஒன்று தெரிந்தால் மற்றதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். மோனோ என்றால் இதில் பாதி. நான் செய்த மாதிரி 96-க்குப் போனால் இரண்டு மடங்கு. சி.டி. தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்றால் மணிக்கு 635 எம்பி. அதுவே மோனோவில் 318. எம்பி3 என்றால் நொடிக்கு 320 கிலோபிட் என்ற உயர்ந்த தரத்தில் 144 எம்பி, 128-ல் 58 எம்பிதான்.

இனி உன் பாரதத்துக்கு வா. பத்து ராத்திரி கூத்து, ராத்திரிக்கு எட்டு மணி நேரம்: 80 மணி நேரம். மத்தியானப் பிரசங்கம் பதினெட்டு நாள், மூன்று மணி நேரம் வீதம்: 54 மணி நேரம். கடைசி நாள் காலை படுகளம் ஒரு நாலு மணி நேரம். வாத்தியாரோடும் மற்ற கலைஞர்களோடும் உட்கார்ந்து பேசுவது ஒரு பத்து மணி நேரம். (பேச்சுக்கு இன்னும் கூடவே வை. கூத்துக்காரர்கள் மனசு திறந்தால் பொழுது போவது தெரியாது.)

கூத்தையும் படுகளத்தையும் 48/24 ஸ்டீரியோவில் எடுத்தால் 87 ஜிபி. பிரசங்கம் குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். நாலு கம்பத்திலிருந்தும் ஒரே குரல்தான் கேட்கும் என்பதால், அதை ஸ்டீரியோவில் எடுத்து இடத்தைப் பாழாக்காதே, 44.1/16 மோனோ போதும், 17 ஜிபி. பேச்சுகள் 48/24 மோனோவில் 5 ஜிபி. மொத்தம் 109. இதில் கால் பங்கு கூட்டிக்கொள்: ஏதோ ஒரு ராத்திரி மழை பெய்து கூத்து மறுநாளைக்கு நீளும், எங்கிருந்தோ ஒரு பெரிய மேளம் வரும். 136 ஜிபி ஆகிறதா? 32 ஜிபி கார்டு ஐந்து வாங்கு.

உன் ரெக்கார்டரில் இரட்டைப் பதிவு என்று ஒரு வசதி இருக்கலாம். ஒலி திடீரென்று ஏறிக் கிழிந்துபோனாலும் கைகொடுக்க, அதே நேரத்தில் ஒலி குறைத்து இன்னொரு ஃபைலும் எடுக்கும். நல்ல வசதிதான். ஆனால் அது ஓடும்போது மேலே சொன்ன எண்கள் எல்லாம் இரண்டு மடங்காகும். தெரியாமல் ஆன் ஆகி இருந்தால் உன் கணக்கு பாதி ராத்திரியில் படுத்துவிடும்.

இடம் போதவில்லை என்று தரத்தைக் குறைக்காதே

"எல்லாத்தையும் எம்பி3-ல் எடுத்தால் ஒரே கார்டில் மொத்தப் பாரதமும் அடங்கிடுமே அக்கா" என்பாய். அடங்கும். ஆனால் எம்பி3 என்ன செய்கிறது என்று பார். பலத்த ஒலிக்கு அடியில் மறைந்திருக்கும் மெல்லிய ஒலியை "இது காதில் விழாது" என்று தானே முடிவு செய்து எறிந்துவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு அது சரிப்பட்டு வரலாம். கூத்தில் தாளத்தின் கணீர் ஓசைக்கு அடியில்தான் முகவீணையின் இழுப்பு இருக்கிறது. மிருதங்கத்துக்கு அடியில்தான் சலங்கை இருக்கிறது. 128-ல் எடுத்த கூத்தில் தாளம் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் ஆகிவிடும். நாளைக்கு ஒரு பிள்ளை அந்த முகவீணையைக் கேட்டு வாசிக்கப் பழக வேண்டும் என்றால், எறிந்ததை எங்கிருந்து எடுப்பது? எம்பி3-யைப் பிறகு வேவ் ஆக மாற்றினாலும் போனது வராது. ஃபைல்தான் பெருக்கும்.

16 பிட் போதாதா என்றால், பிரசங்கத்துக்குப் போதும். கூத்துக்கு 24 பிட்டை விடாதே. கட்டியக்காரன் மெதுவாக ஒரு சொல் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருப்பான். அடுத்த நொடி துரியோதனன் திரையைத் தள்ளிக்கொண்டு ஆடி வருவான், எங்கேயோ ஒருத்தன் வெடி வேறு போடுவான். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நீ ஒலி அளவைத் தாழ்த்தியே வைத்திருக்க வேண்டும். தாழ்த்தி வைத்து எடுத்ததைப் பிறகு இரைச்சல் இல்லாமல் தூக்க 24 பிட் இடம் கொடுக்கும். உலக அளவில் ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ சொல்கிற குறைந்தபட்ச அளவும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ்தான். குருகிராமில் இருக்கும் இசைக் காப்பகத்தை அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982-ல் தொடங்கியது. அதுபோன்ற இடத்துக்கு உன் பதிவு ஒரு நாள் போகலாம். போகிற தகுதியோடு இருக்கட்டும். 96-க்கு மட்டும் போகாதே. அந்த இரண்டாவது ஜிபி உனக்குக் கொடுப்பதைவிட, விடியற்காலை உனக்குக் கொடுப்பது அதிகம்.

ஒலி கேட்டதும் தானே ஓடி, அடங்கியதும் தானே நிற்கும் அமைப்பு ஒன்றும் இருக்கும். இடம் மிச்சமாகும் என்று அதை ஆன் செய்துவிடாதே. ஒவ்வொரு பாட்டின் முதல் எழுத்தையும் கடித்துவிடும். கர்ணனின் மனைவி பொன்னுருவி பேசாமல் நிற்கும் நிறுத்தமும் நடிப்புதான், அதையும் வெட்டிவிடும்.

கார்டு வாங்கும்போது

கடைக்காரர் வேகமான கார்டு என்று விலை கூடியதைக் காட்டுவார். வீடியோவுக்கு அது வேண்டும். உனக்கு நொடிக்கு 2,88,000 பைட், அதாவது 0.3 எம்பிகூட இல்லை. சாதாரண கிளாஸ் 10 கார்டே நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். வேகத்துக்குக் கொடுக்கிற காசை இன்னொரு கார்டுக்குக் கொடு.

128 ஜிபி ஒன்று வாங்கினால் முடிந்ததே என்றும் தோன்றும். வேண்டாம். அது தொலைந்தால் மொத்தப் பாரதமும் போச்சு. 32 ஜிபி ஒன்று தொலைந்தால் மூன்று ராத்திரி. இன்னொரு காரணமும் உண்டு: கொஞ்சம் பழைய ரெக்கார்டர்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும். அதற்கு மேல் உள்ள கார்டுகள் வேறு வகைக் கட்டமைப்பில் வருகின்றன, போட்டால் "கார்டு இல்லை" என்றே காட்டும். உன் கையேட்டில் பார்த்துக்கொள்.

32 என்று எழுதிய கார்டு கம்ப்யூட்டரில் 29.8 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதே. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான். உண்மையான ஏமாற்று வேறு. 32 என்று அச்சடித்த உறைக்குள் 4 ஜிபி கார்டை வைத்து விற்பார்கள். அது 32 இருப்பதாகவே காட்டும், பதிவும் ஓடும், நாலு ஜிபிக்கு மேல் எழுதியது மட்டும் எங்கும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் ஆப்பிளுக்கும் எஃப்3. கார்டு முழுக்க எழுதி, முழுக்கத் திருப்பிப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும்தான், ஓடவிட்டுத் தூங்கப் போ. ஐந்து கார்டையும் இப்படிப் பார்த்த பிறகுதான் ஊரைவிட்டுக் கிளம்பு.

கார்டுகளை அம்மாவின் பழைய குங்குமச் சிமிழ் இரண்டில் போட்டுத் தருகிறேன். கழுவிக் காயவைத்திருக்கிறேன். சின்னது காலிக் கார்டுக்கு, பெரியது நிறைந்த கார்டுக்கு. தூக்கக் கலக்கத்தில், பெட்ரோமாக்ஸோ டியூப்லைட்டோ, எந்த வெளிச்சத்திலும் கை தடவியே தெரிய வேண்டும்.

ராத்திரியில்

ஒரு கார்டுக்கு மூன்று ராத்திரி என்று கணக்கு வை. 25 ஜிபி ஆகும். மீதி 7 ஜிபி இருக்கிறதே என்று நாலாவது ராத்திரியை அதில் தொடங்காதே. அந்த 7 ஜிபிதான் விடியற்காலைக்கு நான் வைக்கச் சொன்ன இடம். தொடங்கும் முன் திரையில் தெரியும் மீதி நேரத்தைப் பார். பத்து மணிக்கு அது பத்து மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டினால், அப்போதே கார்டை மாற்று. கூத்து நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதே. நடு என்று ஒன்று வரவே வராது, ஒரு வேஷம் உள்ளே போவதற்குள் அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் பாட ஆரம்பித்துவிடும்.

எட்டு மணி நேரத்தையும் ஒரே ஃபைலாக ஓடவிடவும் முடியாது. வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. அதன் தலைப்பில் அளவை எழுத ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். 32 ஜிபி கார்டின் கட்டமைப்பும் ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிக்கு மேல் விடாது. சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே முறித்து அடுத்த ஃபைலைத் தொடங்கும். 48/24 ஸ்டீரியோவில் 2 ஜிபி என்பது 2 மணி 4 நிமிஷம், 4 ஜிபி என்பது 4 மணி 8 நிமிஷம். பத்து மணிக்குத் தொடங்கினால் முதல் முறிவு பன்னிரண்டு மணிக்கோ இரண்டு மணிக்கோ வரும். முறிகிற இடத்தில் சில மெஷின்கள் ஒரு துளிகூட விடாது, சில அரை நொடியை விழுங்கும். அது ஒரு பாட்டின் நடுவில் விழுந்தால் பாட்டே போச்சு.

எங்கே முறிய வேண்டும் என்பதை மெஷினிடம் விடாமல் நீயே பார்த்துக்கொள். கட்டியக்காரன் வேடிக்கை பேசி நேரம் ஓட்டும் இடம் ஒன்றில் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, உடனே மறுபடி தொடங்கு. ஒலிபெருக்கியில் மொய் வாசிக்கும் இடமும் ஆகும். இன்னொரு லாபமும் இருக்கிறது: பல ரெக்கார்டர்கள் நிறுத்தும்போதுதான் ஃபைலை மூடி முத்திரை வைக்கின்றன. நடுவில் பேட்டரி தீர்ந்தால் மூடாத அந்த ஃபைல் திறக்காமல் போகலாம். மணிக்கு ஒரு ஃபைல் என்றால் அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் ஆபத்தில் இருக்கும். பேட்டரியையும் அந்த நிறுத்தத்திலேயே பார்த்துவிடு.

மொய் வாசிப்பை அழிக்கலாமே என்று பின்னாளில் தோன்றும். இன்னார் பேரன் பிறந்த சந்தோஷத்தில் ஐநூறு, இன்னார் துபாயிலிருந்து அனுப்பிய ஆயிரம் என்று கூத்து நடுவே வருவது உனக்கு இடைஞ்சலாகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு பழைய பதிவைக் கேட்டபோது, அந்த ஊரில் யார் இருந்தார்கள், யார் எங்கே பிழைக்கப் போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயர்களில்தான் கிடந்தது. களரி கட்டும் மேளம், குழந்தை அழுகை, "உக்காருப்பா, மறைக்குது" எல்லாம் அப்படித்தான். கூத்து தொடங்குவதற்குக் கால் மணி முன்னாலேயே பட்டனை அமுக்கு. கால் ஜிபிதான் ஆகும்.

ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் உன் குரலில் தேதி, ஊர், கூத்தின் பெயர் சொல்லு. பத்து நொடிக்கு 3 எம்பிதான். பத்து வருஷம் கழித்து ஃபைலின் பெயரை யாராவது மாற்றிவிட்டால்கூட உன் குரல் அது எது என்று சொல்லும்.

அழித்தும் இடம் வரவில்லையா

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பதிவுகளை எல்லாம் லேப்டாப்பில் அழித்துவிட்டு கார்டை ரெக்கார்டரில் போட்டால் "நிரம்பிவிட்டது" என்று காட்டும். ஆப்பிள் லேப்டாப்பாக இருந்தால் காரணம் இதுதான்: அழித்த ஃபைல் கார்டிலேயே கண்ணுக்குத் தெரியாத குப்பைக்கூடை ஃபோல்டர் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். கார்டு செருகியிருக்கும்போதே குப்பைக்கூடையைக் காலி செய்தால்தான் இடம் வரும். சில போன்களில் இருக்கும் ஃபைல் ஆப்பும் அழித்ததை ஒரு மாதம் வைத்திருக்கும். விண்டோஸில் நேர்மாறு: கார்டிலிருந்து அழித்தால் குப்பைக்கூடைக்குப் போகாமல் அப்படியே போய்விடும்.

வேறொரு காரணமும் உண்டு. சின்ன குரல் ரெக்கார்டர்களில் ஒரு ஃபோல்டருக்குள் சுமார் 200 பதிவுகளுக்கு மேல் ஏற்காது. கார்டில் 20 ஜிபி காலியாக இருக்கும், ஃபோல்டர் நிரம்பியிருக்கும். அடுத்த ஃபோல்டருக்கு மாறினால் போதும். இது தெரியாமல் எத்தனை நல்ல பதிவுகளை அழித்திருப்பார்களோ.

ஒவ்வொன்றாக அழிக்கிற வேலையே வேண்டாம். இரண்டு இடத்தில் காப்பி ஆனதை உறுதி செய்த பிறகு, ரெக்கார்டரின் மெனுவிலேயே போய் ஃபார்மட் செய். லேப்டாப்பில் ஃபார்மட் செய்தால் மெஷினுக்குப் பிடிக்காத அமைப்பில் வந்து நிற்கலாம். பாரதம் நடக்கும் பதினெட்டு நாளும் டெலீட், ஃபார்மட் இரண்டு பட்டனையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொள். ஐந்து கார்டு வாங்கச் சொன்னதே அதற்குத்தான்.

அப்படியும் கை தவறி அழித்துவிட்டால், அந்த நிமிஷமே கார்டைக் கழற்றிவிடு. அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடாது. "இந்த இடம் காலி" என்று பட்டியலில் மட்டும்தான் எழுதப்படும். மேலே வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். நான் அன்று அந்த இடத்தின்மேலேயே ஒன்பது நிமிஷம் பதிவு செய்தேன். இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் கார்டைக் கழற்றியிருப்பேன். குந்தியின் அழுகை இன்னொரு ஊரில் கிடைத்திருக்கும், அந்த முகவீணைக்காரருடைய பேச்சு எந்த ஊரில் கிடைக்கும்?

பகலில்

விடிந்து, மங்களம் பாடி, டீ குடித்துவிட்டுத் தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் எடுத்து அந்த ராத்திரியைக் காப்பி செய். லேப்டாப் தூக்கிப் போக முடியாவிட்டால் ஓடிஜி கார்டு ரீடர் ஒன்று போதும், போனில் இறக்கி, அங்கிருந்து பென் டிரைவுக்கு மாற்று. காப்பி ஆன பிறகு இரண்டு பக்கமும் ஃபைல் அளவு ஒன்றாக இருக்கிறதா பார். ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்தில் கேட்டுப் பார். ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் வை, அதுவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

காப்பகக்காரர்கள் சொல்கிற கணக்கு மூன்று காப்பி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். உனக்கு அது சுலபம். ஒன்று உன் ஹார்ட் டிஸ்கில். 1 டிபி டிஸ்க் ஒன்றில் இந்த மாதிரி எட்டுப் பாரதம் அடங்கும். இன்னொன்று திருவண்ணாமலையில் என்னிடம். மூன்றாவது வாத்தியார் வீட்டில். ஒரு ராத்திரியின் முழு வேவும் 8.3 ஜிபிதான், 16 ஜிபி பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். அவர்கள் போனில் கேட்க எம்பி3 ஒன்றும் சேர்த்துப் போடு, எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பிதான் ஆகும். எம்பி3-க்கு உரிய இடம் இதுதான். நம்ம பக்கத்துத் திரௌபதை வழிபாட்டையும் கூத்தையும் வெளிநாட்டவர் எவ்வளவோ உழைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். செஞ்சியை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் எழுதிய நூல் 1988-ல் வந்தது, தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃப்ராஸ்கா எழுதியது 1990-ல். அந்த நூல்களை நான் மதிக்கிறேன். ஆனால் பாடினவர்கள் வீட்டில் அவர்கள் குரல் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புரிசையைப் போல் பரம்பரையாக ஆடும் ஊர்களுக்கு வெளியே, பேரே தெரியாத எத்தனையோ ஜமாக்கள் நம்ம மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்க என்ன இருக்கிறது?

பின்னாளில் ஹார்ட் டிஸ்க் நிரம்புகிறது என்று தோன்றினால் ஃபிளாக் ஆக மாற்று. எதையும் எறியாமல் மடித்து வைக்கும் முறை அது. பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் இடம் பிடிக்கும். விரித்தால் முழு வேவும் ஒரு பைட் குறையாமல் வரும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

ஒரு காலத்தில் இதே வேலையை சி-90 கேசட்டில் செய்தார்கள். ஒரு பக்கம் 45 நிமிஷம். ஒரு ராத்திரிக்கு ஆறு கேசட், பத்துத் தடவை திருப்பிப் போடுவது அல்லது மாற்றுவது. கஷ்டம்தான், ஆனால் 'டக்' என்று பட்டன் தானே எழும்பி "முடிந்தது" என்று சொல்லிவிடும். உன் மெஷின் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை போய் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்.

கடைசியாக ஒன்று. செய்யாறு போவதற்கு முந்தின வாரம் இங்கே வா. பௌர்ணமி வேண்டாம், சாதாரண நாள் சாயந்திரம். அதே கார்டு, அதே பேட்டரி, அதே 48/24 வைத்து, இந்திர லிங்கத்தில் பட்டனை அமுக்கு. பதினாலு கிலோமீட்டர், உன் நடைக்கும் என் நடைக்கும் நாலரை மணி நேரம் ஆகும். இரண்டு ஜிபியில் முறிக்கிற மெஷின் என்றால் பாதி வழியில், அடி அண்ணாமலை பக்கத்தில் முறிக்கும். நாலில் முறிப்பது என்றால் ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது. நிறுத்தாமல் விடு. வீட்டுக்கு வந்து ஃபைல்களை ஒட்டவைத்து முறிவில் என்ன விழுகிறது என்று கேட்டுப் பார்ப்போம். மலை சுற்றும் சத்தம் அது. அதையும் அழிக்க வேண்டாம், என் டிஸ்கில் இடம் இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கேயே இரு. போளூர், ஆரணி வழியாகப் போகும் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். சிமிழ் இரண்டும் பூஜை அலமாரியில் இருக்கிறது.